ரிலேயோட இடது முழங்கை

பூனைக்கு ஆபரேஷன் முடியுறதுக்குள்ள நான் ஒரு முடிவு சொல்லியாகணும். அரை மணி நேரம் ஆகும் டீச்சர், யோசிச்சு வைங்கன்னு சொல்லிட்டு டாக்டர் தாஹிர் உள்ள போயிட்டாரு, கதவு மூடுனதும் என் கை தன்னால ஸ்டாப்வாட்சை அமுக்கிருச்சு, எதுக்கு அமுக்குனேன்னு எனக்கே தெரியல, இருவத்தேழு வருசப் பழக்கம், யாராவது எங்கயாவது கிளம்புனா அமுக்கிருவேன். அந்தப் பூனைக்குக் குட்டி குறுக்க விழுந்துருக்காம். அதுக்கு யோசிக்க நேரமே குடுக்கல, கொண்டாந்தாங்க, உள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க, முடிஞ்சது சோலி. எனக்குத்தான் அரை மணி நேரம். குடுக்காமலே இருந்துருக்கலாம். நான் எமல்டா, பாளையங்கோட்டையில பொம்பளப் பிள்ளைக ஸ்கூல்ல பி.டி. டீச்சர், யாரு முதல்ல யாரு ரெண்டாவதுன்னு நெஞ்சு கயித்துல படுற அந்த நொடியில சொல்லிருவேன், ஒருத்தி எதுத்துப் பேசுனதில்ல. இப்ப இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில எக்ஸ்ரே கவரை மடியில வச்சுக்கிட்டு, சரின்னு சொல்லவா வேண்டாம்னு சொல்லவான்னு கோட்டிக்காரி மாதிரி உக்காந்துருக்கேன். காலடியில எங்க நாய் ரிலே. தாடையைத் தரையில போட்டுப் படுத்துக்கிடக்கான், ஒம்போது மாசந்தான் ஆகுது, உடம்பு மட்டும் மாடு மாதிரி, கண்ணு இன்னும் குட்டிக் கண்ணு. இடது முன்னங்காலைக் கொஞ்சம் வெளிய தள்ளி வச்சுருக்கான். அப்படி வச்சா வலி குறையுமாம். இத்தன நாளா அதை ஒரு ஸ்டைலுன்னுல்ல நெனச்சேன், போட்டோ எடுத்து வாட்சப்ல போட்டேன், ராஜா மாதிரி படுத்துருக்கான் பாருங்கன்னு எழுதி. முப்பத்தோரு பேரு ஹார்ட்டு போட்டாங்க.

முன்னங்கால்னு நான் சொன்னப்ப டாக்டர் சிரிச்சாரு, அதை அவங்க முழங்கைன்னுதான் சொல்லுவாங்களாம். நாய்க்குக் கையான்னு கேட்டேன். ஆமா டீச்சர், முன்னால இருக்குறது ரெண்டும் கைதான், முட்டுக்கட்டை மாதிரி ஊனிக்கிட்டு நிக்கு, உடம்புப் பாரத்துல பாதிக்கு மேல அதுலதான் விழும்னாரு. எல்போ டிஸ்பிளேசியா. பேரைக் கேட்டா யாரோ வெளிநாட்டு ஓட்டக்காரி மாதிரி இருக்கு. முழங்கையில மூணு எலும்பு சேருதாம், மூணும் ஒண்ணுபோல வளரணுமாம், இவனுக்கு ஒண்ணு பிந்திட்டு. மூணு பேரு கையைக் கோத்துக்கிட்டு ஓடும்போது ஒருத்தி பின்னால போனா என்ன ஆகும், இழுபடும், அதான் ஆயிருக்கு. இழுபட்டு இழுபட்டு ஓரத்துல ஒரு சின்னத் துண்டு ஒடஞ்சு உள்ளயே கிடக்கு. செருப்புக்குள்ள கல்லு கிடக்குற மாதிரின்னு நெனச்சுக்கோங்க டீச்சர், ஆனா இவனால செருப்பக் கழத்த முடியாதுன்னாரு. நல்லா சொல்லிக் குடுக்காரு மனுசன், வாத்தியாரா போயிருக்கலாம். அப்புறம் ரெண்டு வழி சொன்னாரு. ஒண்ணு, சனிக்கிழம மதுரையில இருந்து ஒரு சர்ஜன் வாராரு, சின்னதா ஓட்டை போட்டு கேமரா விட்டு அந்தத் துண்டை எடுத்துருவாரு, அதுக்கப்புறம் ஆறு வாரம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. இன்னொண்ணு, வெட்டாம கொள்ளாம எடையக் குறைச்சு, கயித்தோட பைய நடக்கவிட்டு, வலிக்கு மாத்திரை, முடிஞ்சா தண்ணியில நீந்தவிட்டு, ஒரு வயசு ஆகட்டும்னு பாக்குறது. எது நல்லதுன்னு கேட்டேன். நான் உங்க இடத்துல இருந்தா எடுத்துருவேன், கல்லு உள்ள கிடந்து எதுத்த பக்கத்த அரைச்சுக்கிட்டே இருக்கும், அரைஞ்சது திரும்ப வராது. ஆனா எடுத்தாலும் முழுசா சரியாகும்னு எழுதிக் கேட்டா தரமாட்டேன், நல்லா ஆன நாயும் பாத்துருக்கேன், அவ்வளவா ஆகாததும் பாத்துருக்கேன், கொஞ்சம் வாதம் பிற்காலத்துல வரத்தான் செய்யும்னாரு. சர்ஜனுக்கு இன்னைக்கே சொல்லணும், இல்லன்னா அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சு. நேர்மையா பேசுற டாக்டரு கிடைக்குறது எவ்வளவு கஷ்டம். கிடைச்சா அதுக்கு மேல கஷ்டம்.

நாலு நிமிசம் பன்னெண்டு செகண்டு. இவன் வீட்டுக்கு வந்தப்ப ரெண்டு உள்ளங்கையில அடங்குவான். பெத்த பிள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டா, வீடு வெறிச்சுன்னு கிடக்குன்னு எங்க வீட்டுக்காரரு ஞானராஜ்தான் ஒரு பிஸ்கட் டப்பாவுல வச்சுத் தூக்கிட்டு வந்தாரு. எனக்கு அன்னைக்கே பிடிச்சுப் போச்சு கோட்டி, ஒரு பைத்தியம். இவனைச் சாம்பியன் ஆக்கணும். எந்த நாய்க்கு எந்தப் போட்டி, ஒண்ணும் தெரியாது, ஆனா சாம்பியன். மருந்துக்கடையில கால்சியம் டானிக் வாங்குனேன், குட்டிக்கு ஒரு மூடின்னு போட்டுருந்துச்சு, வளருற பிள்ளைக்கு ஒரு மூடி எந்த மூலைக்குன்னு காலையில ரெண்டு சாயங்காலம் ரெண்டு ஊத்துனேன். முட்டை, கேப்பக் கூழு, ஞாயித்துக்கிழம ஆட்டுக்கால் சூப்பு. எலும்பு எலும்பா வளரட்டும்னு. வளந்துச்சு, ஒண்ணு மட்டும் பிந்திப்போச்சு. நாலாவது மாசத்துல இருந்து விடியக்காலம் ஸ்கூட்டியில நான் முன்னால, கயித்துல அவன் பின்னால, ஸ்கூல் கிரவுண்டை மூணு சுத்து, அப்புறம் அஞ்சு, அப்புறம் எட்டு. டாக்டர் இதெல்லாம் கேட்டுட்டு, பிறவியிலயே இருக்குறதுதான் டீச்சர், உங்க தப்பு இல்லன்னாரு. ஆனா சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கல, பேனா மூடியத் திருகிக்கிட்டே சொன்னாரு. பிறவியில வந்தது இருக்கும்யா, அதை எட்டு சுத்து ஓடவச்சு வளத்தது யாரு? எத்தன நாளு வாலை ஆட்டிக்கிட்டே ஓடுனான் சவம், ஒரு நாளாவது நடுவுல உக்காந்துருக்கலாம்லா, உக்காந்தா நான் என்ன செஞ்சுருப்பேன், விசில் ஊதிருப்பேன்.

விசிலுதான் எல்லாத்துக்கும் காரணம். இப்பவும் கழுத்துல கிடக்கு, தாலிச் செயின் மாதிரி, குளிக்கும்போது மட்டும் கழத்துவேன். ரெண்டு மாசத்துக்கு முன்ன எங்க வீட்டுக்காரருதான் முதல்ல சொன்னாரு, எமல்டா, நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் இவன் நொண்டுறான். நான் பாத்தேன், நல்லாத்தான் நடந்தான். மறுபடி சொன்னாரு. உங்க செல்லத்துலதான் நொண்டுறான், நடிக்கான், எத்தன பேர பாத்துருக்கேன்னு எரிஞ்சு விழுந்தேன். பொய் இல்ல, பாத்துருக்கேன். பி.டி. பீரியடு வந்தா வயித்துவலி, தலைவலி, கால்ல முள்ளு. மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுருவேன், எதுடி நிஜம் எதுடி நடிப்புன்னு. ஸ்டாஃப் ரூம்ல எனக்கு அதுல பேரு உண்டு. அவரு விடாம டாக்டர்ட்ட காட்டலாம்னு சொல்ல, காட்டுறேன்னு நானே கூட்டிட்டு வந்தேன், இதே ஹாலு, இதே வெள்ளை டைல்ஸு. நடக்கவிடுங்க பாப்போம்னாரு டாக்டர். நான் அந்தக் கடைசியில போயி நின்னு ஒரு ஊது ஊதுனேன். குடியரசு தின அணிவகுப்பு மாதிரி வந்தான், தலையத் தூக்கி, நாலு காலும் நேரா, ஒரு பிசிறு இல்ல. எனக்குப் பெருமை தாங்கல. டாக்டரு தொட்டுப் பாத்தாரு, சத்தமே போடல. லேசா சுளுக்கா இருக்கும்னு அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. வீட்டுக்குப் போனதும் அவர்ட்ட சொன்னேன், பாத்தீங்களா, நான் சொன்னேன்லா. ஜெயிச்ச மாதிரி சொன்னேன். ஏழு வாரம் போச்சு அதுல, அவரு நச்சரிப்புத் தாங்காம மறுபடி கூட்டிட்டு வந்து எக்ஸ்ரே எடுத்தப்பத்தான் தெரிஞ்சது. ஏழு வாரம் உள்ள கிடந்து அரைஞ்சுருக்கு.

பதினோரு நிமிசம். உள்ள ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம், ரிலே காதை மட்டும் தூக்கிப் பாத்துட்டு மறுபடி படுத்துட்டான். நான் இசக்கிய நெனைக்கக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், அப்ப வந்துட்டா. இசக்கியம்மாள், அப்ப ஒம்பதாங் கிளாஸ், எண்ணூறு மீட்டர். ஓடும்போது அவ கால் தரையில படுதா இல்லையான்னு சந்தேகமா இருக்கும். மாவட்டப் போட்டிக்கு முந்துன வாரம் வந்து, டீச்சர் முட்டி லேசா இழுக்குன்னா. ஓடு, சூடு ஏறுனா சரியாயிரும்னேன். ஓடுனா, ரெண்டாவது வந்தா, மறுநாள் முட்டி தேங்கா மாதிரி. ஆஸ்பத்திரியில உள்ள ஏதோ கிழிஞ்சுருக்கு, ஆபரேஷன் செஞ்சுருவோம்னுருக்காங்க. அவ அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறவரு, நேரா கிரவுண்டுக்கு வந்தாரு, தோள்ல கிடந்த துண்டக் கையில எடுத்துக்கிட்டு, டீச்சர், எங்களுக்கு என்ன தெரியும், நீங்க சொல்லுங்க, நாங்க செய்யுதோம்னாரு. அடுத்த மாசம் மண்டலப் போட்டி. நான் கையில இருக்க வாட்சைப் பாத்துக்கிட்டே சொன்னேன், வேண்டாம்ணே, சின்னப் பிள்ள, கட்டுப்போட்டா சரியாயிரும். அவ்வளவுதான் சொன்னேன். அவரு என்னைக் கும்புட்டுட்டுப் போனாரு, அதை மறக்கத்தான் முடியல. மண்டலப் போட்டிக்கு அவ வரல, அதுக்கப்புறம் எதுக்குமே வரல. போன வருசம் ஜவுளிக்கடையில பாத்தேன், மாடியில பில் போடுதா, என்னப் பாத்ததும் டீச்சர்னு கத்திக்கிட்டு எறங்கி வந்தா, பக்கவாட்டுல, கம்பியப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு படியா. வலிக்காடின்னு கேட்டேன். பழகிட்டு டீச்சர்னு சிரிச்சா. அன்னைக்கே வலி அதிகமா இருக்குன்னு சொல்லிருக்கலாம்லாட்டின்னு கேட்டுட்டேன், கேட்டுருக்கக்கூடாது. அவ கோவப்படல, நெஜமாவே யோசிச்சுச் சொன்னா, நீங்க பாத்துக்கிட்டு நிக்கும்போது எப்படி டீச்சர் நொண்டுறது? சொல்லிட்டு என் சேலைப் பைய அவளே தூக்கி வந்து வண்டியில மாட்டிவிட்டா.

அன்னைக்கு வேண்டாம்னேன், தப்பாப் போச்சு. அதனால இன்னைக்கு வேணும்னு சொன்னா சரியாயிருமா? அது இசக்கி முட்டிக்குச் சொல்லுற பதிலு, ரிலே முழங்கைக்கு இல்ல. இவனைப் போட்டு வெட்டி என் மனசத் தேத்திக்கக்கூடாது. மயக்க ஊசி போடுவாங்க. நாக்கு வெளிய தொங்கும், கண்ணு திறந்தபடி இருக்குமாம். எந்திரிக்காமலே போயிட்டா? அவரு பிஸ்கட் டப்பாவத் தூக்கிப் போடாம இன்னும் அலமாரி மேல வச்சுருக்காரு, அதைப் பாத்துக்கிட்டு நான் எப்படி அந்த வீட்டுல இருப்பேன். அப்ப வேண்டாம். வேண்டாம்னா கல்லு கிடக்கும். கிடந்தா அரையும். மாத்திரை குடுத்தா வலி தெரியாது, வலி தெரியலன்னா இவன் ஓடுவான், ஓடுனா இன்னும் அரையும். அப்ப வேணும். வேணும்னா மயக்க ஊசி. மாதாவே, நானும் எட்டு சுத்து ஓடிட்டேன், புறப்பட்ட இடத்துலயேதான் நிக்கேன். போன் அடிக்கி. அவருதான், போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல இருந்து, பின்னால முத்திரை குத்துற சத்தம் டக்கு டக்குன்னு கேக்கு. என்ன சொன்ன எமல்டான்னாரு. இன்னும் சொல்லல, நீங்களே சொல்லுங்கன்னேன். எனக்கு ரெண்டுமே பயமா இருக்குட்டி, நீ சொன்னாச் சரியா இருக்கும்னாரு. நீ சொன்னாச் சரியா இருக்கும். இதைச் சொல்லாதீங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு, துண்டக் கையில பிடிச்சுக்கிட்டு நின்ன மனுசன் குரல் மாதிரியே இருந்துச்சு. கத்தல. நான் அனுப்புன வீடியோவ முழுசாப் பாத்தியான்னு கேட்டாரு. பாத்தேன்னு பொய் சொன்னேன். வைக்கும்போது, அவனுக்கு காது பக்கம் சொறிஞ்சு குடு, பயந்துபோயி இருப்பான்னாரு. சொறிஞ்சு குடுத்தேன். எனக்கும் யாராவது சொறிஞ்சு குடுத்தா நல்லா இருக்கும்.

அந்த வீடியோவ அவரு அனுப்பி மூணு வாரம் ஆகுது. நான் ஒரு செகண்டு பாத்துட்டு மூடிட்டேன், நடிப்ப என்னத்தப் பாக்கன்னு. எக்ஸ்ரே வந்ததுக்கப்புறம் பாக்க தைரியம் வரல. பத்தொம்போது நிமிசம் ஓடிட்டு. திறக்கேன். எங்க வீட்டு அடுப்படி, அவரு விரல் ஓரத்துல மறைக்கி. ரிலே தண்ணிச் சட்டிகிட்ட இருந்து பின்வாசலுக்குப் போறான். ஐயோ, இது என்ன நடை. இடது கை தரையில பட்டதும் தலை மேல போகுது, வலது பட்டதும் கீழ வருது, மேல கீழ மேல கீழ. நடுவுல நின்னு அந்தக் கைய நக்குறான். பைய போ எய்யா, அவசரமில்லன்னு அவரு குரல் கேக்கு, என்கிட்ட ஒரு நாளும் அவரு அப்படிப் பேசிக் கேட்டதில்ல, பேச நான் நேரம் குடுத்ததில்ல. இவ்வளவுதான்னு மூடப் போனேன். முப்பத்தி நாலாவது செகண்டுல வெளிய ஒரு வண்டிச் சத்தம். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம், சைலன்சர் ஓட்டையான என் ஸ்கூட்டி. ரிலே நிக்கான். காது நிமிருது. தலை நிமிருது. வெளிய தள்ளி வச்சுருந்த இடது கைய இழுத்து, நேரா, வலதுக்குப் பக்கத்துல ஊனி, பாரத்தப் பூரா அதுல ஏத்தி, அட்டென்ஷன்ல நிக்கான். வாலு மட்டும் ஆடுது. அதோட வீடியோ முடிஞ்சிட்டு. திரும்பப் போட்டேன். திரும்பவும் நின்னான். நடிச்சான்டா என் பிள்ள, நான் சொன்னது சரிதான், நடிக்கத்தான் செஞ்சான், ஆனா நொண்டுனது நடிப்பு இல்ல. என் முன்னால நேரா நடந்ததுதான் நடிப்பு. எல்லார் நடிப்பையும் கண்டுபிடிக்கிறவ இதக் கண்டுபிடிக்கல. மாத்திரை குடுத்து ஒரு வருசம் பாக்குறதுன்னா யாரு பாக்குறது? நான்தானே. எனக்குத்தான் இவன் காட்டவே மாட்டானே. வலிக்குதுன்னு சொல்லாதவனுக்கு வலிக்குதான்னு பாத்துப் பாத்து மருந்து குடுக்க முடியாது. கல்லை எடுத்துறணும். இசக்கிக்காக இல்ல, அவ முட்டி அவ முட்டி. இவனுக்காக. பயம் போகல, இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்.

கதவு திறந்து டாக்டர் தாஹிர் வாராரு, கையத் தொடச்சுக்கிட்டே சிரிக்காரு, நாலு குட்டி டீச்சர், நாலும் கத்துதுன்னாரு. உள்ள இருந்து கேக்கத்தான் செய்யுது, கீச்சு கீச்சுன்னு, ஹாலே நெறஞ்சுபோச்சு, எனக்கு என்னமோ அது நல்ல சகுனம் மாதிரி பட்டுச்சு, எங்க பங்குச் சாமியாரு கேட்டா வைவாரு. முடிவு பண்ணிட்டீங்களான்னு கேட்டாரு. பண்ணிட்டேன், ஆனா அதுக்கு முன்ன ஒரு தடவ நடக்கவிட்டுக் காட்டுறேன் டாக்டர், அன்னைக்கு நான் காட்டுனது பொய்யின்னேன். அவருக்குப் புரியல, தலைய ஆட்டுனாரு. நான் அந்தக் கடைசிக்குப் போனேன். ரிலே எந்திரிச்சு நின்னுட்டான், பாத்தா, ரெண்டு கையும் நேரா. என் கழுத்தையே பாக்கான், எப்ப ஊதுவேன்னு. நான் விசிலைக் கழத்துனேன், ஸ்டாப்வாட்சையும் சேத்து ஹேண்ட்பேக்ல போட்டு ஜிப்பை இழுத்து மூடுனேன். தரையில உக்காந்தேன், டக்குனு சத்தம் வந்துச்சு என் முட்டியில, அம்பத்திரண்டு வயசு, ஆங்னு வாய்விட்டே கத்திட்டேன். இத்தன வருசத்துல ஆள் முன்னால வலிக்குதுன்னு நான் கத்துனது அதான் முதல் தடவ. எய்யா, எனக்கும் வலிக்குல, பாத்தியா, பைய வா, அவசரமில்லன்னேன். அவன் தலையச் சாய்ச்சுப் பாக்கான். விசில் எங்கன்னு பாக்கான். நொண்டு எய்யா, நொண்டிக்கிட்டே வா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒரு எட்டு வச்சான், நேரா. ரெண்டாவது, நேரா. மூணாவது எட்டுல தலை மேல போச்சு, கீழ வந்துச்சு. நின்னு என் மூஞ்சியப் பாத்தான். அதான், அப்படித்தான்னேன். அப்புறம் முழுசா விட்டுட்டான், மேல கீழ மேல கீழன்னு அந்த ஹாலு பூரா நொண்டிக்கிட்டே வந்து என் மடியில தலைய வச்சு, இருந்த பாரத்தப் பூரா என் மேல சாய்ச்சுட்டான். நான் அழுதேன். சந்தோசத்துலதான் அழுதேன், டாக்டரு பயந்துட்டாரு.

சனிக்கிழம எத்தன மணிக்குக் கொண்டாரணும்னு கேட்டேன். எட்டு மணிக்கு, வெறும் வயித்தோடன்னாரு. அப்புறம், ஆறு வாரம் ஓடவிடக்கூடாது டீச்சர், அதுதான் ஆபரேஷனை விட முக்கியம், உங்களால முடியுமான்னு தயங்கித் தயங்கிக் கேட்டாரு. இருவத்தேழு வருசத்துல எடுக்காத லீவு கிடக்கு, எடுக்குதேன், ஓடவைக்கத்தான் தெரியும் எனக்கு, சும்மா இருக்க இவன்கூட சேந்து படிச்சுக்கிடுதேன்னேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். முத்திரை குத்துற சத்தம் நின்னுபோச்சு, சரிட்டி, சரிட்டின்னு ரெண்டு தடவ சொன்னாரு, மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. ரிலே கயித்த எடுத்துக்கிட்டேன். வாசல் வரைக்கும் ஒரு இருவது எட்டு இருக்கும். அவன் நொண்டுனான், நான் அவன் நடைக்கு நடந்தேன், நடுவுல ரெண்டு தடவ நின்னு கைய நக்குனான், நக்கி முடியட்டும்னு நானும் நின்னேன். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாக்கல.